போர்வைக்காரியின் கண்

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தே இருபத்தாறு வருடம் பிழைத்தவளைத் தெருவே போர்வைக்காரி என்றுதான் கூப்பிட்டது. கட்டடங்களைப் படம் எடுப்பது அவள் தொழில். ஸ்டாண்டில் நிற்கும் பெரிய மரக் கேமரா. பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி. அதில் கட்டடம் தலைகீழாக விழும். தெளிவாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணாடி இருந்த அதே இடத்தில் ஃபிலிமைச் செருகி எடுக்க வேண்டும்.

ஐம்பது தாண்டியதும் அந்தக் கண்ணாடியின் ஓரமெல்லாம் அவளுக்கு இருட்டாகத் தெரிந்தது. சரி, கண்ணுக்கு ஒரு துணை வாங்குவோம் என்று கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரர் முதலில் படத்தை நிமிர்த்திக் காட்டும் ஒரு கூண்டை மாட்டினார்.

"ஐயய்யோ, வேணாம்ணே! நேரா நிக்கிற கட்டடத்தப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

அடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் தகடு. மூலைகூடப் பளிச்சென்று தெரிந்தது. அதையே வாங்கிவந்து, கீறல் விழக்கூடாதே என்று மங்கல் கண்ணாடிக்கு உள்பக்கம், லென்ஸைப் பார்த்தபடி, பத்திரமாகப் பொருத்தினாள். கூட வந்த துண்டுச்சீட்டை யார் படித்தார்கள்? இருபத்தாறு வருட அனுபவசாலி ஆயிற்றே!

அதன்பிறகு எடுத்த எட்டுப் படமும் மசமசவென்று வந்தன. ஒரு நூலகத்தின் மாடிப்படியில் ஒரு படிகூடத் தெளிவாக இல்லை. வேலை கொடுத்த கட்டட வடிவமைப்பாளர் அம்மா கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் பரவாயில்லைதான் இவளைக் கொன்றது. கண் போய்விட்டது, தொழிலும் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். கண் டாக்டரிடம் போகவும் பயம். அவரும் அதையே சொல்லிவிட்டால்? அடுத்த வாரம் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தை எடுக்க வேண்டும். வருகிறாளா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் அந்த அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை, கடைசி முயற்சியாக, கண்ணாடிமேல் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடிகள் மூன்றைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்தாள். எது சரிப்படுமோ, அதை வைத்துக்கொள்ளலாம். வாசலில் கேமராவை நிறுத்தி எதிர்வீட்டு கேட்டின் பூட்டைப் பார்த்தாள். பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு வந்த புருஷன் பக்கத்தில் நின்றார்.

"என்ன தெரியுது?"

"பூட்டுல இருக்கற துரு தெரியுது."

"அடுத்ததுல?"

"அதுலயும்தான். கொஞ்சம் பெருசா."

"மூணாவதுல?"

"எல்லாத்துலயும் தெரியுதுங்க! அதான் எரிச்சலா வருது. இங்க தெரியறது ஃபிலிம்ல வரமாட்டேங்குது."

"துருவையே பாத்துட்ட, அப்புறம் கண்ணுல என்ன கோளாறு? கேமராவப் போய்க் கேளு. பாவம், கண்ணப் போட்டு இந்தத் திட்டு திட்டற!"

போர்வைக்காரி துணியை உதறிவிட்டு வெளியே வந்தாள். திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே வைத்த தகடு தன் கனத்தின் அளவுக்கு மங்கல் கண்ணாடியைப் பின்னால் தள்ளியிருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஃபிலிம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. அவள் பார்த்த இடம் ஒன்று, படம் பதிந்த இடம் வேறு.

"மண்டு! மண்டு!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டும்போதே சிரிப்பும் வந்தது.

தகட்டைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மாற்றி, அதே பூட்டை எடுத்தாள். குளியலறைக் கதவிடுக்கில் துணியை அடைத்துக்கொண்டு ஃபிலிமைக் கழுவினாள். விளக்கைப் போட்டுத் தூக்கிப் பிடித்தாள். துரு புள்ளி புள்ளியாக அப்படியே வந்திருந்தது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

புருஷன் கதவைத் தட்டினார். "என்னாச்சு? மறுபடியும் போச்சா?"

"போனக் குடுங்க. அந்தம்மாகிட்ட பேசணும்."

ஈரக் கையோடு போனை வாங்கினாள். நூலகத்தை மறுபடி எடுத்துத் தருவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குத் தானே வருவதாகவும் சொன்னாள். இத்தனை நாள் என்ன ஆயிற்று என்று அந்த அம்மா கேட்டார்.

"தப்பு என்னோடதுதாங்க. தகட்ட மாத்திப் போட்டுட்டேன்," என்றாள். "என் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு."