எல்லா இடமும் காட்டும் வேன்காரர்

“இந்தக் கடற்கரையில நான் காட்டாத இடமே கிடையாது. அப்படி ஒண்ணு வேணும்னா, இனிமே கடல்தான் புதுசாக் கொண்டுவந்து போடணும்!” என்று சுற்றுலா வேன்காரர் ஊரறிய முழங்கியிருந்தார்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. கலங்கரை விளக்கம், பறவைப் பாறை, அலை பீறிட்டுக் கிளம்பும் குகை எல்லாவற்றையும் காட்டி முடித்தவர், மச்சான் வீட்டு மொட்டை மாடியையும் ‘சூரியன் மறையும் முனை’ ஆக்கிவிட்டார். அன்று முதல் மச்சான் வீட்டில் துணி காய்வது சமையலறையில்தான்.

மிச்சமிருந்தது, புதர்களுக்குப் பின்னால் பாறைகள் சூழ்ந்த ஒரு குட்டிக் கரை. வேன்காரரின் மனைவி ஞாயிறுதோறும் ஆள் அரவமில்லாமல் நீந்துகிற இடம். இந்த வாரம் வருகிறவர்களோ, யாருமே பார்க்காத இடம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“அங்கயும் கூட்டிட்டுப் போகப் போறீங்களா?” என்றார் மனைவி.

“தொழில்னு ஒண்ணு இருக்குல்ல?”

“தாராளமாப் போங்க. நான் இனிமே குளியலறை வாளியில நீந்திக்கிறேன். அதையும் வந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்க.”



மறுநாள் வேன் அந்தப் புதர் வளைவுக்கு வந்தது. முன் சீட்டில் இருந்த அம்மாவின் கண்ணில் ஒற்றையடிப் பாதை பட்டுவிட்டது.

“அண்ணே, அது எங்க போகுது? பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கா?”

வேன்காரர் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணுமில்லைங்கம்மா. ஒரே சேறு. போன வாரம் ஒருத்தர் செருப்பையே விட்டுட்டு வந்தார்” என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே விட்டார்.