ஆம்ப்ளிஃபயர் விற்றவனின் பயங்கள்

குறைந்த விலையில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் விற்பவனுக்குப் பயம் கடையில் வருவதில்லை. வாங்கியவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போன பிறகுதான் வரும். டெல்லி கரோல் பாக்கில் ஒரு ஆடியோ கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். வருகிறவர்களிடம் ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கும். "இதுக்குப் பொருந்துற மாதிரி, விலை கம்மியா ஒண்ணு குடுங்க" என்பார்கள். பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டு ப்ளக்கில் கை வைத்துப் பிழைக்கும் எல்லோருக்கும் இந்தப் பயம் பழக்கமாகத்தான் இருக்கும்.

விரிப்பு

வேலைக்குச் சேர்ந்த புதிது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து ராமநாதன் என்று ஒருவர் வந்தார். மொபைலில் ஸ்பீக்கரின் போட்டோவைக் காட்டினார். முன்பக்கம்தான் தெரிந்தது. ஸ்பீக்கர் எத்தனை ஓம், அதாவது கரண்டுக்கு எவ்வளவு தடை தரும் என்பது பின்பக்கத்தில் எழுதியிருக்கும். அதைக் கேட்காமலே, இருப்பதில் மலிவானதைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அது எட்டு ஓம் ஸ்பீக்கரை மட்டுமே தாங்கும். நாலு ஓம் மாட்டினால் கரண்டை அதிகமாக இழுத்துக் கொதித்துப்போகும்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "தம்பி, பாட்டு நல்லாத்தான் கேக்குது. ஆனா ஏதோ தீயுற வாசனை வருது." ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சத்தம் அதிகம் வேண்டாம் என்று முந்தின நாள் அவர் சொன்னது வழியெல்லாம் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாடி ஏறிப் போனபோது, ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டடி தள்ளி அந்தக் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைத் திருப்பினேன். நாலு ஓம். ஆம்ப்ளிஃபயர் மேல் கையால் பின்னிய ஒரு விரிப்பு, நடுவில் கருகிப் பழுப்பாக இருந்தது. கேட்காமல் கொடுத்தது என் தப்பு, வேறு மாற்றித் தருகிறேன் என்றேன். ராமநாதனின் மனைவி விரிப்பை எடுத்து மடித்தார். "நீங்க பயப்படாதீங்க தம்பி, தூசி விழுதேன்னு நான்தான் மூடி வச்சேன்."

செருப்பு

இன்னொரு நாள் லக்ஷ்மி நகரில் ஒரு வாடகை வீட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டித்தரப் போனேன். மிஸஸ் அரோரா என்ற அம்மா கதவைத் திறந்தார். வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். ஸ்விட்சைப் போட்டு, இரும்பு மூடியில் கை வைத்தேன். ஷாக் தோள் வரை வெட்டி இழுத்துத் தள்ளியது. தரையில் உட்கார்ந்திருந்தேன். என் பெண்ணுக்கு அன்று ஸ்கூலில் பரீட்சை என்பது மட்டும் ஏனோ ஞாபகம் வந்தது. டெஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அந்த வீட்டு வயரிங்கில் எர்த்தே இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுக்காமல் இதைத் தொடவே கூடாது என்று சொன்னேன். அவர் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "அண்ணா, செருப்பை யாரு கழட்டச் சொன்னது? நாங்க ஃப்ரிட்ஜையே செருப்பு போட்டுக்கிட்டுத்தானே தொறக்கிறோம்."

இரண்டு பழைய ஸ்பீக்கர்கள்

போன குளிர்காலத்தில் மாலதி என்ற ஸ்கூல் டீச்சர், இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். அவருடைய கணவர் கல்யாணமாவதற்கு முன்பே வாங்கியவை. கணவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "மாலு" என்ற ஒரு வார்த்தை தவிர வேறு பேச்சு இல்லை. பழைய ஆம்ப்ளிஃபயரும் செத்துப்போயிருந்தது. "பாட்டு கேட்டாலாவது முகம் மாறுதான்னு பாக்கணும். ஆனா இந்த ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது சார்" என்றார்.

எங்கள் டெக்னீஷியன் பிஷ்ட் பின்பக்கம் பார்த்தார். ஆறு ஓம். தாங்கக்கூடிய சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று மாலதி சொன்ன விலைக்குள் இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் தொட்டாலே உதிரும்போல இருந்தது. ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று பிஷ்ட் ஒரு சின்ன பேட்டரியை வயரில் தொட்டுப் பார்த்தார். கூம்பு அசைந்து 'டப்' என்றது. பயத்தில் இறுக மூடிய கண்ணை மாலதி திறக்கவே இல்லை.

நானே அவர் வீட்டுக்குப் போய் மாட்டினேன். கணவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வால்யூமை மயிரிழைதான் திருப்பினேன். வீணை எழுந்தது. இரண்டு நிமிஷத்தில் அவருடைய இடது கை நாற்காலியை அடிக்க ஆரம்பித்தது. முகம் கோணியது. பக்கவாதம் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்தேன். மாலதி டாக்டருக்குப் போன் செய்ய ஓடினார். நான் வால்யூமைக் குறைக்கக் கை நீட்டினேன். நாற்காலியில் இருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரலால் ஒரு ஸ்பீக்கரைக் காட்டினார், பிறகு மற்றதை. உதடு வெகுநேரம் துடித்தது. பிறகு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்: "லெஃப்ட்... ரைட்... மாத்தி... மாட்டியிருக்கே."

எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் என்று யார் கேட்டாலும் இப்போது தயங்காமல் சொல்லிவிடுவேன், ஆனால் ஸ்விட்சை மட்டும் நீங்களே போட்டுக்கொண்டால் எனக்கு உபகாரமாக இருக்கும்.