கிழங்குத் தட்டும் வண்டிச் சாவியும்

துறைமுகச் சாலையில் உப்பு லாரி உரசி என் மகள் ஸ்கூட்டரோடு விழுந்தாள். கைக்கட்டைப் பிரித்த பிறகும் அவள் வண்டியைத் தொட நான் விடவில்லை. சாவியை மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அன்று ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள, ஓவனில் சுட்ட உருளைக்கிழங்கு கேட்டாள். விழுந்ததிலிருந்து அவளாக வாய்விட்டுக் கேட்டது அதுதான். தோலோடு அரைவேக்காடாக வேகவைத்து நறுக்கி, நல்லெண்ணெய், உப்பு, தட்டிய பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசிறினேன். வீட்டில் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் கேக் மாவு கொண்டுபோகும் அதே பேக்கரிக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பேக்கரி அண்ணாச்சி மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். "என்னக்கா, கேக்குன்னுல்லா நெனச்சேன். கிழங்கா?"

"மவ கேட்டா, அண்ணாச்சி."

"உள்ள வேகுத பன்ன எடுத்துட்டு வைக்கேன். கருகிட்டுன்னா என்னைய ஏசப்பிடாது."

கருகவில்லை. ஓரமெல்லாம் சிவந்து, பூண்டு மணக்க வந்தது. சூடான தட்டைச் சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்காக வாசலில் நின்றபோது, ஸ்கூட்டர் ஒன்று முன்னால் வந்து நின்றது. மகள். மிளகாய்த்தூள் எடுக்கும்போது வெளியே வைத்த சாவியை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"வண்டிய எடுக்காதன்னு சொன்னனா இல்லியாளா?"

"கத்தாதம்மா, அண்ணாச்சி பாக்காவ. ஏறு, ஆறிட்டுன்னா சவசவன்னு போயிரும்."

"அக்கா, ஏறுங்க," என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஏறினேன். பின்னால் உட்கார்ந்தால் அவள் தோளை இறுகப் பிடிப்பதுதான் என் வழக்கம். இன்று இரண்டு கையிலும் தட்டு. மடி சுட்டது. தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவளே ஓரங்கட்டிக் காலை ஊன்றினாள். "போவட்டும்மா," என்றாள். லாரி போய்ப் புழுதி அடங்கியபின்தான் எடுத்தாள்.

வீட்டில் சிவந்த துண்டுகளாகப் பொறுக்கித் தின்றாள். "காரம் பத்தல," என்று குறை வேறு.

சாவி மேசைமேல் கிடந்தது. வளையத்தில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூளை முந்தானையால் துடைத்தேன். டப்பா பக்கத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் சாவியைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, வாசல் ஆணியில் மாட்டினேன்.

"மெதுவாப் போவணும், என்னா?"

வாய் நிறையக் கிழங்கோடு தலையை ஆட்டினாள்.