கிழியாத சுவரொட்டி

இருபது வயது, சட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு, கையில் நீளக் கரண்டி. விடுதி அறையில் வார்டனுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் மின்னடுப்பில் மைதா கொதிக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு, கட்டி தட்டாமல் கிண்டுகிறாள். "நான் ஒட்டினா மழை பேஞ்சாலும் அசையாது" என்று பெருமை வேறு. மாணவர் சங்கத்தில் அவளுக்குப் 'பசை' என்றே பெயர்.

அப்பா இதய மருத்துவர். வீட்டில் இவள் எதையாவது தட்டிக் கேட்டால் அதற்குத் திமிர் என்று பெயர். பெரிய மனிதர்களை உருவாக்கியதாகப் பீற்றிக்கொள்ளும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரமே ஒரு சிவப்புத் துண்டறிக்கை கைக்கு வந்தது. அன்று மாலைக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் அவள் கோபத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அதற்கு அரசியல் என்று பெயரும் சொன்னார்கள். அதோடு விழுந்தவள்தான்.

இப்போது கோபத்துக்குப் பஞ்சமில்லை. நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஏழு பெண்களை மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். வருடக்கணக்காகக் கழிவறை கழுவியவர்களுக்குச் சொன்ன காரணம் சிக்கனம். அதே வாரம் துணைவேந்தர் அறைக்குப் புதுக் கம்பளம் வந்து இறங்கியது. 'ஏழு பேரையும் நிரந்தரமாக்கு!' என்று நூலகக் கண்ணாடி முழுக்க ஒட்டித் தள்ளினாள் பசை.

மறுநாள் மாலை அங்கே போய்ப் பார்த்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மூன்று பெண்கள் பிளேடால் சுவரொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் இளித்தார்: "உங்களுக்காகத்தானே ஒட்டியிருக்காங்க? நீங்களே எடுங்க."

ஆத்திரத்தில் ஒரு படம் எடுத்தாள்.

"எந்த மகராசி ஒட்டினாளோ, நகமெல்லாம் போச்சு!" என்றாள் ஒருத்தி.

"நான்தான்க்கா. பிளேடை இப்படிக் குடுங்க."

"வேணாம்மா. நீ கையை அறுத்துக்கிட்டா அதுக்கும் எங்களைத்தான் திட்டுவாங்க."

சங்க அறையில் மாணவர் தலைவன், ஒரு நீதிபதியின் மகன், படத்தைப் பார்த்துத் துள்ளினான். "செம படம் தோழர்! இன்னிக்கே போட்டுடுவோம்."

"மூஞ்சி தெரியுதுடா. நாளைக்கே வெளியே தள்ளிடுவாங்க."

"எப்படியும் மாசக் கடைசில போகப்போறவங்கதானே?"

"அந்த மேற்பார்வையாளரும் இப்படித்தான் பேசுவான். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?" என்றாள். அவன் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தாள்.

மறுநாள் நண்பகல், ஊழியர்கள் வேடிக்கை பார்க்க, பதிவாளரின் தேக்குக் கதவில் புதிதாக ஒன்றை ஒட்டினாள். அதே கோரிக்கை. கீழே தன் முழுப்பெயர், பதிவெண், கூடவே ஒரு வரி: 'ஒட்டியவள் நான். சுரண்டச் சொல்வதானால் என்னைக் கூப்பிடுங்கள்.' ஓரங்களை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, கதவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவளை விசாரிக்கிறது. புதன்கிழமை மாதம் முடிகிறது.