பால் காய்ச்சாத வீடு

தொண்ணூறுகள்ல, கோவில்பட்டியில எங்க பின்வீட்டை வாடகைக்குக் கேட்டு, தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குத ஒரு அம்மா வந்தாவ. சம்மதிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில பால்சட்டியோட வந்து அடுப்பு மூட்டுனாவ. அப்பதான் பேச்சுவாக்குல கேட்டேன்.

“ஊர்ல எந்தத் தெரு?”

“காலனித் தெரு, அண்ணாச்சி.”

எனக்கு முகம் மாறிட்டு. “மச்சான் குடும்பம் இங்கன வருதாம், இப்பதான் தகவல் வந்துச்சு”ன்னேன். பொய்.

அவிய தீயை அணைச்சாவ. “பால் வீணாப் போயிரும், உங்க பிள்ளைகளுக்கு...”ன்னு சட்டியை நீட்டுனவிய, பாதியில கையை இழுத்துக்கிட்டாவ.

“நீங்க வாங்க மாட்டீங்க.”

அதுக்குப் பெறவு திருந்திட்டேன்னு சொன்னா, அதுவும் பொய். இப்ப அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுருதேன். பால்சட்டி வாசல் வரைக்கும் வந்துறக் கூடாதுல்லா.