இடது கையில் ஏழு கடி

1967, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பகல் பாசஞ்சர் ஏறி ஆரோக்கியமேரி பட்டணத்துக்குப் போனாள். அட்டைப்பூச்சி எடுத்துப்போகக் கொண்டுவந்த கண்ணாடி ஜாடி காலியாக அவள் மடியில் இருந்தது.

வண்டி நகரும்போது ஜன்னலோரம் குனிந்து, "நீங்க சொன்னா சரிதான் கெங்கம்மா. என் கைதான் சரியில்ல போலிருக்கு" என்றாள்.

பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள் கெங்கம்மாள். சற்று முன் அவள் சொன்னது பொய்.

அட்டை பிடிப்பது கெங்கம்மாளின் தொழில். ஏரியில் முழங்கால் ஆழத்தில் நின்று மூங்கில் கழியால் தண்ணீரைத் தட்டுவாள். மாடு இறங்கிவிட்டது என்று அட்டைகள் நெளிந்து வரும். காலில் வாய் வைப்பதற்குள் அள்ளிப் பானையில் போட்டுவிடுவாள். வழக்கமாக வாங்குகிறவர்கள் நாட்டு வைத்தியர்கள். இரண்டு வருஷமாக, பட்டணத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஆரோக்கியமேரியும் வாங்கினாள்.

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் ஏன் உறையாமல் ஒழுகுகிறது, அதன் எச்சிலில் அப்படி என்ன இருக்கிறது? இதுதான் அவள் படிப்பு. அட்டைகளின் தலையை அரைத்து, கண்ணாடிக் குழாயில் ரத்தத்தோடு கலந்து பார்ப்பாள். ரத்தம் நாளெல்லாம் தண்ணீராகவே கிடக்கும். தை மாதம் வாங்கியவற்றில் மட்டும் ஐந்தே நிமிஷத்தில் உறைந்துபோனது. பங்குனிக்குள் ஒழுங்கான முடிவு காட்டாவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிடும்படி புரொபசர் சொல்லிவிட்டாராம். அதனால்தான் கேட்க வந்தாள், எல்லாம் தண்ணீரில் தட்டிப் பிடித்ததுதானே, எதையும் கடித்ததில்லையே என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டாள் கெங்கம்மாள். அப்படியானால் தப்பு தன் கையில்தான் என்று அட்டை வாங்காமலே கிளம்பிவிட்டாள் ஆரோக்கியமேரி.

நடந்தது வேறு. தையில் ஒரு கிளிஞ்சல் அவள் குதிகாலைக் கிழித்து, புண் சீழ் பிடித்துவிட்டது. தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுத் துலுக்காணத்தின் எருமைகள் கரையேறும்போது அடிவயிற்றில் தொங்கியவற்றைப் பிடுங்கிக்கொண்டாள். குடித்துப் பருத்த அட்டையை மஞ்சள் தண்ணீரில் விட்டால் குடித்ததையெல்லாம் கக்கிவிட்டுப் பழையபடி மெலிந்துவிடும். பசியெடுத்து உடனே கடிக்கவும் செய்யும். வயிறு காலியானால் புது அட்டைதானே என்று நினைத்தாள். கக்கவைத்த அட்டையை வைத்தியர்கள் ஏழு நாள் சும்மா விட்டுவைப்பது அவளுக்குத் தெரியும். அதை ஒரு விரதம் மாதிரி என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி போன அன்று சாயங்காலம்தான் அந்த ஏழு நாள் அவள் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை எருமைகளிலிருந்து ஒரு பானை அட்டை பிடுங்கி எல்லாவற்றையும் கக்கவைத்தாள். பிறகு தினம் காலையில் ஒன்றாக எடுத்துத் தன் இடது கையில் விட்டாள். முதல் நாள் கடித்த இடத்தில் உலை கொதிப்பதற்குள் ரத்தம் நின்றது. மூன்றாம் நாள் வடித்த கஞ்சி ஆறும்வரை கசிந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் தாண்டியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை முக்கோண வடுக்கள் வரிசையாக ஏறின.

துலுக்காணம் பார்த்துவிட்டார். "இன்னாமே கெங்கம்மா, என் எருமைங்க பத்தலைன்னு உன் கையையும் அதுங்களுக்குக் குட்த்துக்கினு கீறியா?"

ஏழாம் நாள் கட்டிய துணி விளக்கு வைக்கும்வரை நனைந்துகொண்டே இருந்தது. வயிறு வேறு, எச்சில் வேறு என்று அவளுக்கு விளங்கியது. கடித்த அட்டையின் எச்சில் தீர்ந்துபோகிறது. அது மறுபடி ஊற ஏழு நாளாகிறது.

தபாலாபீஸ் வாசலில் கடுதாசி எழுதித் தரும் சடையப்பனிடம் போனாள். எருமையிலிருந்து பிடுங்கியது, பொய் சொன்னது, ஏழு நாள் கணக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பேனாவை நிறுத்திவிட்டு அவர், இதை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, வாங்குகிற ஆளையும் இழக்கப்போகிறாயே என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு தன் கை மேல பழியப் போட்டுக்கினு போயிருக்குது. நீ எழுதுப்பா."

பதில் வரவில்லை. பங்குனி போனது. ஆரோக்கியமேரியும் அதன் பிறகு வரவில்லை. புண் ஆறி கெங்கம்மாள் மறுபடி தண்ணீரில் இறங்கினாள். எருமையிலிருந்து எடுப்பதை அடியோடு விட்டாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை வரப்போகிறது என்று ஆட்கள் நிலம் அளந்துகொண்டு போனார்கள். கையிலிருந்த வடுக்கள் வெளுத்துவிட்டன. பட்டணத்து வண்டி வரும் நேரத்தில் மட்டும் ஏனோ கழி ஒரு நிமிஷம் நிற்கும்.

1974 தையில் பெங்களூர் முத்திரையோடு ஒரு கடுதாசி வந்தது. சடையப்பன்தான் படித்தார்.

"கெங்கம்மா, உங்கள் கடுதாசி அப்போதே கிடைத்தது. கோபத்தில் பதில் போடவில்லை. அந்தப் பங்குனியோடு ஆராய்ச்சி போயிற்று. ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். இப்போது இங்கே மறுபடி தொடங்கியிருக்கிறேன், உங்கள் ஏழு நாளிலிருந்து. கடிக்கும்போது எச்சில் சுரப்பிகள் வெறுமையாகின்றன, குடித்து முடித்ததும் மெல்ல நிரம்பத் தொடங்குகின்றன. நான் பார்த்தவரை ஏழெட்டு நாள்தான். சித்திரையில் வருகிறேன். தண்ணீரில் பிடித்தது ஒரு பானை, எருமையில் எடுத்தது ஒரு பானை வேண்டும். எது எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."