அணிலுக்குப் பதில் சொன்ன அம்மா

வயது மூன்றரை. பேசும் சொற்கள் பதினொன்று. மகளைப் பற்றி யார் கேட்டாலும் மைக்கக்கா இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வாள்.

பேருந்து நிலையத்தில் பதினாறு வருடமாக அறிவிப்பு வேலை. ஓட்டுநர்கள் வைத்த பெயர்தான் மைக்கக்கா. ஒலிபெருக்கி இரண்டு நிமிடம் ஓய்ந்தால் போதும், "என்னக்கா, தூங்கிட்டியா?" என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். எங்கே பேச்சு நின்றாலும் அவளே எதையாவது பேசி நிரப்பிவிடுவாள்.

பேச்சுப் பயிற்சி மையத்தில் மகளுக்கு வீட்டில் பழக ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் கார்ட்டூன் அணில் ஒன்று கேள்வி கேட்கும், கன்னத்தில் கை வைத்துக் காத்திருக்கும். குழந்தை சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே பேசும். எல்லாம் பதிவாகி மையத்துக்குப் போய்விடும்.

"அது எவ்ளோ நேரம் வேணா காத்திருக்கும். நீங்க மட்டும் வாயத் திறக்காதீங்க," என்றார் பயிற்சியாளர்.

முதல் நாள் அணில் கேட்டது: "இந்தப் பந்து என்ன கலர்?"

குழந்தை அதன் வாலையே பார்த்தாள். பத்து விநாடி. இருபது. ஒன்றுமே தேறாத பிள்ளை என்று எழுதிவிடுவார்களோ? மைக்கக்கா டேப்லெட் பக்கம் குனிந்தாள். குரலைக் குட்டியாக்கி, "செவப்பு," என்றாள்.

"அட, சூப்பர்!" அணில் குட்டிக்கரணம் அடித்தது. குழந்தை கைதட்டிச் சிரித்தாள்.

இப்படியே ஆறு வாரமும் அம்மாவே பேசினாள்.

ஏழாவது வாரம் மையத்திலிருந்து ஃபோன் வந்தது. "பாப்பா பிச்சு உதறுறா! இனிமே பயிற்சி வேண்டாம். அவ இடத்த வேற குழந்தைக்குக் கொடுக்கறோம். நாளைக்குக் கையெழுத்துப் போட வாங்க."

அன்று இரவு அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊருக்கே வழி சொல்ற, நம்ம புள்ளைக்கு அடைச்சிட்டியேடி," என்றான் கணவன்.

"உண்மையச் சொன்னா வெளிய தள்ளிடுவாங்க."

"சொல்லலன்னாலும் வெளியதான்."

மறுநாள் பயிற்சியாளர் பேனாவை நீட்டினார். மைக்கக்கா அதை வாங்கவில்லை. அணிலிடம் பேசிய அதே குட்டிக் குரலில், "செவப்பு," என்றாள்.

பயிற்சியாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப ஆறு வாரமா அணில் உங்களுக்கா பாடம் எடுத்துச்சு?"

"நான்தான் மேடம். இடம் போயிடுமா?"

"மேல கேக்கணும். என் கையில இல்ல."

முடிவு வெள்ளிக்கிழமை தெரியும். அதுவரை குழந்தை மையத்திலேயே தினமும் அரை மணி நேரம் அணிலோடு உட்காருவாள். அந்த அறைக்குள் அம்மாவுக்கு அனுமதி இல்லை.